சின்சியர் என்ற சொல்லும் சுவாமிமலை மெழுகும்

போன மாதம் கும்பகோணத்தில் நடந்த பயிற்சி வகுப்பில், புதிதாக ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த உங்கள் முன்னால் என்னை உட்கார வைத்து, "மேடம், உங்க மூலைச் சொல்லைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. மீதிப் பத்து நிமிடத்தில் நான் சொன்னவை எல்லாம் நன்றாக நடந்த கதைகள். நீங்களும் கை தட்டினீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது சரியாக நடக்காத ஒரு கதையை. அதை இப்போது எழுதி அனுப்புகிறேன். விடைத்தாள் திருத்தி அலுத்துப்போன ஒரு நாளில் படித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அறுப்புக்கு அம்மாவோடு போய், கருக்கரிவாளில் இடது கைச் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டேன். தையல் போட யாரும் கூட்டிப் போகவில்லை. விரல் வளைந்தபடியே ஆறிப்போயிற்று. பிறகு படித்து, ஆங்கில ஆசிரியையாகி, சுவாமிமலைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அத்தனை வருடமும் அந்த விரலைப் புடவைத் தலைப்பிலோ டஸ்டருக்கு அடியிலோ ஒளித்தே வைத்திருந்தேன். இங்கிலீஷ் டீச்சர் கையில் அரிவாள் தழும்பு இருக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூலைச் சொல் எப்படித் தொடங்கியது என்பதை அன்று சொன்னேன். வராதவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு முறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பு தூங்கி வழியும். ஒரு நாள் பாடத்தில் ரைவல் என்ற சொல் வந்தது. போட்டியாளர், எதிரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். முதல் நாள் இரவுதான் அகராதியில் அதன் வேரைப் பார்த்திருந்தேன். லத்தீனில் அந்தச் சொல்லின் அடியில் ஓர் ஓடை இருக்கிறது. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்கள்தான் முதலில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டார்கள்.

"ஒரே வாய்க்காலா டீச்சர்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "அப்ப எங்க பெரியப்பா ரைவல்! எங்களுக்கு விடாம ராத்திரியோட ராத்திரியா மடையை அடைச்சிட்டாரு!"

வகுப்பே எழுந்து நின்றது. தலைமடைக்காரன், கடைமடைக்காரன், மேலத்தெரு, கீழத்தெரு என்று ஒவ்வொருவரும் தங்கள் ரைவலைச் சொன்னார்கள். டெல்டாப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. அன்றிலிருந்து கரும்பலகையின் இடது மேல் மூலையில் தினம் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதி அதன் பூர்வீகத்தைச் சொல்வேன். ஒரு விதியும் வைத்தோம். காலையில் எழுதிய மூலைச் சொல்லைப் பள்ளி விடும்வரை யாரும் அழிக்கக் கூடாது. கணக்கு வாத்தியார்கூட அந்த மூலையை ஒதுக்கிவிட்டுத்தான் சூத்திரம் எழுதுவார். தெரியாமல் துடைத்துவிட்ட ஒரு அறிவியல் ஆசிரியரோடு என் பிள்ளைகள் இரண்டு நாள் பேசவில்லை.

இதெல்லாம் பெருமை. இனிமேல்தான் கதை.

நான் கல்லூரியில் படித்தபோது நூலகர் ஒருவர் இருந்தார். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பார், அதனால் எழுதவில்லை. அந்த நூலகத்தில்தான் முதன்முதலில் பெரிய ஆங்கில அகராதியைத் தொட்டேன். கூலி என்ற சொல் அதில் இருந்தது! என் அப்பா சாயங்காலம் வாங்கிக்கொண்டு வருகிற கூலி, இங்கிலீஷ் அகராதிக்குள் உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய் அவரிடம், "சார், இது நம்ம தமிழ்ச் சொல்லுதான் சார், இங்கிலீஷ்காரங்க எடுத்துக்கிட்டாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். "இருக்கலாம்னு போட்டிருக்கும்மா. வேற வழியா வந்திருக்கலாம்னும் போட்டிருக்கு. நீ ஆமான்னு படிச்சுட்டே. முதல்ல பொடி எழுத்தைப் படி" என்றார். பிறகு வேறு ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஏதோ ஒரு சாதாரணச் சொல், அதற்கு நேரே மூலம் தெரியவில்லை என்று இருந்தது. "இத்தனை பெரிய புஸ்தகம், தெரியலைன்னு எழுதக் கூச்சப்படலை பாரு" என்றார்.

அப்போது தலையாட்டினேன். வேலைக்கு வந்து நாலு பேர் பாராட்டியதும் அதை மறந்தேன்.

சின்சியர் என்ற சொல்லின் கதையை ஒரு பள்ளி ஆண்டு விழாவில் சிறப்புப் பேச்சாளர் ஒருவர் சொல்லக் கேட்டேன். ரோமாபுரியில் சில சிற்பிகள் சிலையில் விழுந்த விரிசலை மெழுகு வைத்து மறைத்து விற்றார்களாம். நேர்மையான சிற்பிகள் தங்கள் கடை வாசலில் 'மெழுகு இல்லாதது' என்று எழுதி வைத்தார்களாம். சினே, செரா என்ற அந்த லத்தீன் வார்த்தைகள் இரண்டும் சேர்ந்துதான் சின்சியர் ஆயிற்றாம். மெழுகு இல்லாதவன் நேர்மையானவன். என்ன அழகான கதை! அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன். மறுவாரமே மூலையில் எழுதினேன். பொடி எழுத்து, பெரிய எழுத்து எதையும் பார்க்கவில்லை. கதை அழகாக இருந்தால் அகராதியைத் திறக்கக் கை வராது. இது நம் தொழிலுக்கே உரிய வியாதி. உங்கள் ஃபோனில் தினமும் வந்து விழும் சொற்கதைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அந்தக் கதையைப் பதினெட்டு வருடம் சொன்னேன். பயிற்சிக் கூட்டங்களில் சொன்னேன். மற்ற பள்ளி ஆசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போய்த் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். சுவாமிமலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை. சுவாமிமலையில் சிலை செய்கிறவர்களுக்கு மெழுகு எப்பேர்ப்பட்ட பொருள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயமும் படித்த விஷயமும் என் தலைக்குள் தனித்தனி அறையில் இருந்தன.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருடம் முன்பு, எங்கள் பள்ளியில் மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. சுற்றுவட்டாரத்து ஆங்கில ஆசிரியர்கள் நாற்பது பேர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதிகாரி ஒருவர் வருவார். வகுப்பு நன்றாக அமைந்தால் என்னை மாவட்டக் கருத்தாளராகப் போடப் போகிறார்கள் என்று பேச்சு. எனக்கு அந்தப் பதவி மேல் கொள்ளை ஆசை. கூலிக்காரர் மகள், ஆசிரியர்களுக்கே ஆசிரியர். யோசித்துப் பாருங்கள். என்னிடம் இருந்ததிலேயே நல்ல கதையை எடுத்தேன். ஒரு வாரம் முன்பு ஒன்பதாம் வகுப்பில் ஒத்திகையாக அதைச் சொன்னேன்.

கதை முடிந்ததும் மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். ரம்யா. அதிகம் பேசாதவள். அவள் அப்பா சுவாமிமலையில் ஒரு பட்டறையில் மெழுகில் உருவம் செய்கிறவர்.

"டீச்சர், விரிசலை மெழுகால மறைச்சா வெயில்ல வெச்சதுமே உருகிடுமே. வாங்கினவங்க அன்னிக்கே திருப்பிக் கொண்டாந்துடுவாங்க. அப்புறம் எப்படி அவங்க வியாபாரம் பண்ணியிருப்பாங்க?"

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள். முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வி விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் எனக்கு வந்திருக்கிறது. நான் என்ன செய்தேன்?

"அது ரோமாபுரிக் கதை. உங்க ஊர்ப் பட்டறைக் கதை இல்ல. உக்காரு" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்க வீட்டுல மெழுகு வேலைதானே டீச்சர், அதான் கோவம் வருது!" என்றது. வகுப்பு சிரித்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். அதட்டியதைக்கூட மன்னித்துவிடலாம், அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து ரம்யாவுக்கு 'மெழுகு' என்று பெயர் வந்துவிட்டது. மெழுகு என்றால் ஏமாற்றுகிறவள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டு மாதிரி வகுப்புக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நகக்கண்களில் மெழுகு ஒட்டியிருந்தது.

"டீச்சர், ரம்யாவோட அப்பாங்க. புள்ளை என்ன தப்பு பண்ணுச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவ ஒண்ணும் தப்பு பண்ணலையே. உள்ள வாங்க, உக்காருங்க."

உட்காரவில்லை. "ஸ்கூலுக்குப் போமாட்டேங்குதுங்க. அதுகூடப் பரவால்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும். மெழுகையே தொடமாட்டேங்குது டீச்சர். சின்னதுலேருந்தே சாயங்காலம் வந்தா என் பக்கத்துல உக்காந்து விரல், நகம்னு அதுதான் ஆசையா செதுக்கும். என்னைவிட நல்லாவே வரும். இப்ப, ஏமாத்து வேலைக்கு நான் வரலப்பாங்குது. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, டீச்சர் சொன்னாங்கங்குது. டீச்சர் சொன்னா சரியாத்தானே இருக்கும்? அதான், என்னான்னு தெரிஞ்சிக்கிட்டா நான் வீட்டுல எடுத்துச் சொல்லலாம்னு."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தார். நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும், தன் தொழிலில்தான் தனக்குத் தெரியாத ஏதோ தப்பு இருக்கிறது என்று நம்பி வந்திருந்தார். "நான் பார்த்துட்டுச் சொல்றேங்க" என்று அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். என் பழைய நூலகத்தில் அந்த நூலகர் இல்லை, அகராதி இருந்தது. பொடி எழுத்தைப் படித்தேன். சின்சியர் என்பது தூய, கலப்பில்லாத என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் போனால், ஒரே வித்தில் வளர்ந்தது என்ற பொருளாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். மெழுகுக் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. யாரோ எப்போதோ கட்டிவிட்ட கதை. ஐந்து நிமிட வேலை. பதினெட்டு வருடத்தில் அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். மாதிரி வகுப்புக்கு மூன்று நாள் இருந்தது.

"இதுக்கா இவ்வளவு வருத்தம்? வார்த்தையை மாத்துங்க" என்றார். "அணைக்கட்டு இருக்கே. அதை ஆனிக்கட்னு இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான், கல்லணை நம்ம பக்கத்துல இருக்கு, ஆபீசருக்கும் பிடிக்கும். பொண்ணுகிட்ட தனியாக் கூப்பிட்டு ஒரு சாரி சொல்லிடுங்க. முடிஞ்சுது."

நியாயமான யோசனை. அணைக்கட்டுக் கதையில் பொய்யும் கிடையாது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று சாயங்காலம் ரம்யாவிடம் சாரி சொல்ல சுவாமிமலைக்குப் போனேன்.

பட்டறையில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எங்கோ வெளியூர்க் கோயிலுக்குப் போக வேண்டிய அம்மன், வைக்கோல் மேல் படுத்திருந்தாள். ரம்யாவின் அப்பா ஓரமாக உட்கார்ந்து மெழுகில் ஒரு கையைத் திருத்திக்கொண்டிருந்தார். ரம்யா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வணக்கம் சொல்லவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா, "இதைப் பாருங்க டீச்சர்" என்று மெழுகுக் கையை நீட்டினார். "முதல்ல எல்லாமே மெழுகுலதான். இது மேல காவிரி வண்டலைப் பூசிக் காயவெச்சு, சூடு காட்டினா மெழுகு உருகி ஓடிடும். அது இருந்த இடத்துல உலோகம் போய் உக்காந்துக்கும். நான் இந்த நகத்துல ஒரு கீறல் விட்டேன்னு வைங்க, சாமி கையிலயும் அதே கீறல் வரும். மெழுகு எதையும் மறைக்காதுங்க. மறைக்கத் தெரியாது அதுக்கு. ஓட்டை விழுந்தா நாங்க உலோகத்தைத்தான் ஊத்தி அடைப்போம். இதுல எங்கங்க ஏமாத்து வேலை? எனக்குத் தெரியலை, நீங்க சொல்லுங்க."

"ஏமாத்து வேலையே இல்லைங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தக் கதையே பொய்" என்றேன். பிறகு ரம்யாவிடம், "நீ கேட்டது சரியான கேள்வி. உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு. மன்னிச்சுக்கம்மா, திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வா" என்றேன்.

அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஆபீசர் வர்ற அன்னிக்கு அந்தக் கதையைச் சொல்லப் போறீங்களா டீச்சர்?"

"இல்ல. வேற வார்த்தை எடுத்திருக்கேன்."

"அப்ப அது பொய்னு எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படித்தானே?"

பதின்மூன்று வயசு. அவளுக்கு யாரையும் மடக்கும் எண்ணமில்லை. கணக்கில் ஒரு படியைச் சரிபார்ப்பது போலக் கேட்டாள். வகுப்புக்கு மட்டும் சொன்னால் போதாது என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் என்னிடமிருந்து அந்தக் கதையை வாங்கிக்கொண்டு போய் வேறு பள்ளிகளில் விதைத்தவர்கள், வருகிற திங்கட்கிழமை என் வகுப்பின் பின்வரிசையில்தான் உட்காரப் போகிறார்கள். சொன்னால் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சொன்னதாகவே ஆகாது. அவள் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அப்பா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தேன் என்பதை விவரிக்க மாட்டேன். பலகையில் ஆனிக்கட் என்று எழுதுவதாக ஒரு முறையும் சின்சியர் என்று எழுதுவதாக ஒரு முறையும் ஒத்திகை பார்த்தேன். நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். அப்போது யாரிடம் போய்க் கேட்டாலும் பதில் கிடைக்காது. தலைமை ஆசிரியரிடம் மறுபடி போனதற்கு, "என் யோசனையைச் சொல்லிட்டேன். ஆனா அந்தப் பொண்ணு முகத்துல தினமும் முழிக்கப் போறது நீங்கதான்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பின்வரிசை நிரம்பியது. அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். மூன்றாம் பெஞ்சைப் பார்த்தேன். ரம்யா இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எனக்குப் பாதி உயிர் வந்தது, மீதிப் பாதி போயிற்று.

மூலையில் சின்சியர் என்று எழுதினேன். கதையை வழக்கம் போலவே சொன்னேன், ரசித்துச் சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். பின்வரிசையில் பேனாக்கள் ஓடின. சொல்லுக்குக் கீழே 'மெழுகு இல்லாதது' என்று எழுதினேன். ரம்யாவின் தலை இன்னும் தாழ்ந்தது.

பிறகு டஸ்டரை எடுத்து அதை அழித்தேன்.

"டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. பள்ளி விடும்வரை மூலையைத் தொடக் கூடாது என்பது அவர்கள் விதி. விதி வைத்த நாளிலிருந்து முதல் முறையாக நானே அதைத் தொட்டிருந்தேன்.

"இந்தக் கதை பொய்" என்றேன். என் குரல் எனக்கே தள்ளிக் கேட்டது. "சரிபார்க்காம பதினெட்டு வருஷமா நான் சொல்லிட்டு வந்த பொய். பின்னால இருக்கிற பல பேருக்கு நான்தான் இதைக் கொடுத்தேன். அவங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இது பொய்யாத்தான் இருக்கணும்னு அகராதியைத் திறக்காமலே இந்த வகுப்புல ஒருத்தர் கண்டுபிடிச்சாங்க. நான் அவங்களை உட்கார வெச்சேன், சிரிச்சேன். ரம்யா, இப்ப நீ எழுந்து அந்தக் கேள்வியை மறுபடி கேட்கிறியாம்மா?"

அவள் எழாமல் இருந்திருந்தாலும் அது அவள் உரிமை. எழுந்தாள். கேள்வியை ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டு வாக்கியத்தில் தடுமாறி, தமிழுக்கு வந்தாள். வெயில், மெழுகு, உருகுவது என்று கேட்டு முடித்தவள் உட்காரவில்லை. மெழுகில் விட்ட கீறல் சிலையில் அப்படியே வரும் என்றாள். அதனால் மெழுகு வேலை செய்கிறவர்கள் தப்பு செய்தால் தப்பிக்கவே முடியாது என்றாள். "எங்கப்பா மெழுகு வேலைதான் செய்யிறாரு" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி கேட்டார். "அப்போ அந்த வார்த்தை உண்மையில எப்படித்தான் வந்தது?"

"தூய்மைங்கிற பொருள்ல லத்தீன்லேருந்து வந்தது சார். அதுக்குப் பின்னால உறுதியாத் தெரியலை."

தெரியலை என்ற சொல்லைப் பலர் முன்னால் நான் சொன்னது அன்றுதான் முதல் முறை. நூலகரை நினைத்துக்கொண்டேன்.

நான் கருத்தாளர் ஆகவில்லை. "மாதிரி வகுப்புன்னா மாதிரியா இருக்கணும்மா, தப்பை எதுக்கு மேடையேத்தணும்?" என்றார் அதிகாரி, போகும்போது. அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். பின்வரிசையிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்கள் மூன்று பேர். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. ரம்யாவின் பட்டப்பெயரும் போகவில்லை. பள்ளி முடிக்கும்வரை அவள் 'மெழுகு'தான். ஆனால் அப்படிக் கூப்பிட்டால் நிமிர்ந்து "என்ன?" என்று திரும்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு புது வழக்கமும் வந்தது. எந்த மூலைச் சொல்லைச் சொன்னாலும், "பொடி எழுத்தைப் பாத்தீங்களா டீச்சர்?" என்று யாராவது ஒருவர் கேட்பார்கள். பார்க்காத நாளில் பார்க்கவில்லை என்று சொல்வேன்.

கருத்தாளர் பதவிக்காக ஒரு மாதம் வருத்தப்பட்டேன், அதை மறைக்கவில்லை. பிறகு அது தேய்ந்துவிட்டது. இன்று திரும்பிப் பார்த்தால் நன்றிதான் மிஞ்சுகிறது. அந்த நூலகருக்கு, கோபப்படாமல் கேட்க வந்த அந்த அப்பாவுக்கு, எழுந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு. உங்கள் வகுப்பில் கேள்வி கேட்க எழுகிற பிள்ளையைத் தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள். நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

மாதிரி வகுப்பு முடிந்து பத்து நாள் இருக்கும். காலையில் ரம்யா துணி சுற்றிய ஒரு பொருளை என் மேஜை மேல் வைத்தாள். "வெயில்ல வெச்சிடாதீங்க டீச்சர்" என்றாள். பிரித்தேன். மெழுகில் செய்த ஓர் இடது கை, உள்ளங்கை அளவுதான் இருக்கும். டஸ்டரைப் பிடித்திருந்தது. அன்று பலகையை அழித்தபோது என் கையை ஒளிக்க மறந்திருக்கிறேன். சுண்டுவிரல் எந்த இடத்தில் வளைய வேண்டுமோ அந்த இடத்தில் வளைந்து, தழும்போடு இருந்தது.

"நீதான் செஞ்சியா?"

தலையாட்டினாள். பிறகு, "விரலை நேராக்கிடலாமான்னு அப்பா கேட்டாரு டீச்சர்" என்றாள். "நான்தான் வேணாம்னுட்டேன்."